நாஸ் பெட்டியில் சிவப்பு விளக்கா? டிஸ்க்கைக் கழற்றும் முன் படியுங்கள்

வீட்டில் இரண்டு லேப்டாப், நான்கு செல்போன், ஒரு ஸ்மார்ட் டிவி என்று ஆகிவிட்ட பிறகு, போட்டோக்களையும் வீடியோக்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கப் பலரும் நாஸ் பெட்டி வாங்கி வைக்கிறார்கள். நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம்தான் நாஸ். ரவுட்டருடன் ஒரு கேபிள் மூலம் இணைத்துவிட்டால் போதும். வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களிலிருந்தும் அதில் பைல்களைப் போடலாம், எடுக்கலாம். வீட்டு உபயோகத்திற்கான நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். இரண்டிலும் ஒரே டேட்டா எழுதப்படும்படி அமைத்திருப்பார்கள். இதைத்தான் மிரர் அல்லது ரெய்டு 1 என்கிறோம்.

இந்தப் பெட்டி பல ஆண்டுகள் மூலையில் சத்தமில்லாமல் ஓடும். ஒரு நாள் பீப் பீப் என்று கத்தும். சிவப்பு அல்லது ஆரஞ்சு விளக்கு எரியும். ஒரு டிஸ்க் பழுது என்று செய்தி வரும். "இதற்குத்தானே இரண்டு டிஸ்க் போட்டோம், ஒன்றை மாற்றினால் தீர்ந்தது" என்று தோன்றும். தோன்றுவது சரிதான். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரு டிஸ்க் பழுதான அன்று உங்கள் டேட்டா எங்கும் போவதில்லை. போவதாக இருந்தால், அந்த டிஸ்க்கை மாற்றும் அன்றுதான் போகும். எனவே மாற்றும் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

மிரர் எப்படி வேலை செய்கிறது?

1988ல் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக விலை குறைந்த பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. ரெய்டு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அதில் முதலாவது முறை ரெய்டு 1. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகலை வைத்திருப்பதுதான் இந்த முறை.

நீங்கள் ஒரு போட்டோவைச் சேமிக்கும்போது அது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதப்படுகிறது. ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்று தொடர்ந்து வேலை செய்யும். இந்த நிலைக்கு "டிகிரேடட்" என்று பெயர். புதிய டிஸ்க்கைச் செருகியதும், நல்ல டிஸ்க்கை முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை படித்துப் புதியதில் எழுதும். இதற்கு "ரீபில்டு" என்று பெயர்.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, டிகிரேடட் நிலையில் நல்ல டிஸ்க்தான் உங்களிடம் இருக்கும் ஒரே நகல். இரண்டாவது, ரீபில்டு நடக்கும் நேரத்தில் அந்த ஒரே நகல்தான் மணிக்கணக்கில் இடைவிடாமல் உழைக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இரண்டு டிஸ்க்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை. ஒரே வெயிலில், ஒரே மின்சாரத்தில், ஒரே அளவு நேரம் ஓடியவை. ஒன்றுக்கு வயதாகிவிட்டது என்றால் மற்றதற்கும் அதே வயதுதான்.

பழுதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். இந்த வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். நாஸ் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை பிரவுசரில் திறந்து, ஸ்டோரேஜ் பகுதிக்குச் சென்று, டிஸ்க்கின் ஹெல்த் தகவல்களைப் பாருங்கள். சினாலஜி பெட்டிகளில் இது "ஸ்டோரேஜ் மேனேஜர்" என்ற இடத்தில் இருக்கும். கியூநாப் பெட்டிகளில் "ஸ்டோரேஜ் அண்ட் ஸ்னாப்ஷாட்ஸ்" என்ற இடத்தில் இருக்கும். நீண்ட பட்டியல் வரும். அதில் முக்கியமாக மூன்று எண்களைப் பார்த்தால் போதும்.

5ஆம் எண்: ரீஅலொகேட்டட் செக்டார். கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் தன்னிடம் உள்ள மாற்று இடங்களை எத்தனை முறை பயன்படுத்தியுள்ளது என்பதைச் சொல்கிறது.

197ஆம் எண்: கரன்ட் பெண்டிங் செக்டார். படிக்க முடியாமல் திணறி, சந்தேகத்தில் நிற்கும் இடங்களின் எண்ணிக்கை.

198ஆம் எண்: ஆப்லைன் அன்கரெக்டபிள். சோதித்துப் பார்த்தும் சரிசெய்ய முடியாத இடங்கள்.

மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து நகர்ந்து வாரத்திற்கு வாரம் ஏறினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 2007ல் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, அப்படி வராத டிஸ்க்கை விட 39 மடங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே பழுதாகியிருந்தன. ஆக, எண்கள் ஏறினால் பயப்பட வேண்டும். ஏறவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பொள்ளாச்சியில் நடந்தது

கோவை சரவணம்பட்டியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கு ஒன்று என்றால் போன் எனக்குத்தான் வரும். பொள்ளாச்சியில் இருக்கும் என் பெரியப்பா, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் குடும்பத்தின் பழைய போட்டோக்களை எல்லாம் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து ஸ்கேன் செய்தவர். அப்பாருவின் கல்யாணப் படம், ஆத்தாவின் ஒரே படம், தோட்டத்துச் சாளை கட்டிய நாள் எல்லாம் அதில் உண்டு. அந்த ஆல்பங்களைப் பிறகு கரையான் அரித்துவிட்டது. இன்று அவை இருப்பது அவருடைய இரண்டு டிஸ்க் நாஸ் பெட்டியில் மட்டும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அழைத்தார்.

"கண்ணு, பொட்டியில செவப்பு லைட்டு எரியுது. ரெண்டாவது டிஸ்க்குன்னு போட்டிருக்குது. அத உருவிப்போட்டுப் புதுசு ஒண்ணச் சொருகிட்டா ஆச்சுதானே?"

"இப்ப ஒண்ணும் தொட வேண்டாமுங்க பெரியப்பா. ஆப் பண்ணவும் வேண்டாம். புதுசா எதையும் அதுல போடாதீங்க. சனிக்கிழம நானே வர்றனுங்க."

ஆப் செய்ய வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கணக்கில் நிற்காமல் சுழன்ற டிஸ்க், ஒருமுறை நின்றால் மீண்டும் சுழலத் தொடங்காமல் போவது உண்டு. பேக்கப் எடுக்கும் வரை அது ஓடிக்கொண்டு இருப்பதே நல்லது.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். 4 டெராபைட் டிஸ்க்குகள் இரண்டு. இரண்டாவதில் பெண்டிங் செக்டார் 48, ரீஅலொகேட்டட் 216. முதலாவதில் இரண்டும் பூஜ்யம். ஆனால் இரண்டுமே 41,000 மணி நேரத்திற்கு மேல் ஓடியவை. 24ஆல் வகுத்தால் சுமார் 1,700 நாட்கள். நாலரை ஆண்டுக்கு மேல். அவர் வீட்டில் செய்த அதே வரிசையில் படிகளைக் கீழே தருகிறேன்.

படி 1: டேட்டாவை வெளியே எடுங்கள்

ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் முன் ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைத் தேடுங்கள். நாஸில் உள்ள டேட்டா முழுவதையும் அதில் காப்பி செய்யுங்கள். சினாலஜி, கியூநாப் போன்ற பெட்டிகளில் யூஎஸ்பி டிஸ்க்கை நேரடியாகப் பெட்டியிலேயே செருகி பேக்கப் எடுக்கலாம். வை-பை வழியாக லேப்டாப்புக்கு இழுப்பதைவிட இது பல மடங்கு வேகமாக முடியும்.

காப்பி செய்யும் வரிசை முக்கியம். திரும்பக் கிடைக்காதவை முதலில். குடும்பப் போட்டோ, வீடியோ, பத்திரங்களின் ஸ்கேன், வருமான வரிக் கணக்கு. அடுத்து, கஷ்டப்பட்டால் திரும்பக் கிடைப்பவை. சினிமா, பாட்டு எல்லாம் கடைசி. நடுவில் டிஸ்க் நின்றுபோனாலும் முக்கியமானது வெளியே வந்திருக்கும். பெரியப்பா வீட்டில் போட்டோ போல்டர் முதலில் வெளியே வந்தது. மொத்தம் 1.3 டெராபைட். முடிய ஐந்து மணி நேரம் ஆனது.

"எப்படியும் ரீபில்டு செய்யப் போகிறோம், இது எதற்கு?" என்று கேட்கலாம். வழக்கமான மிரர் ரீபில்டு டிஸ்க் முழுவதையும் படிக்கும், காலி இடம் உட்பட. வீட்டு டிஸ்க்குகள் பலவற்றின் விவரத் தாளில், 10ன் 14ஆம் அடுக்கு பிட்டுகளைப் படித்தால் அதிகபட்சம் ஒரு பிழை வரலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். அது சுமார் 12.5 டெராபைட். 4 டெராபைட் டிஸ்க்கை ஒருமுறை முழுவதும் படிப்பது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் ஒரே ஒரு இடத்தில் படிக்க முடியாமல் போனால் சில பெட்டிகள் ரீபில்டையே நிறுத்திவிடும். பைலாக காப்பி எடுத்திருந்தால் எந்த பைல் போயிற்று என்பது பெயரோடு தெரியும். மற்றவை பத்திரமாக இருக்கும்.

காப்பி முடிந்ததும் நாலைந்து போட்டோக்களையும் ஒரு பெரிய வீடியோவையும் அந்த யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்தே லேப்டாப்பில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நம்பக் கூடாது. நாஸ் பெட்டியின் செட்டிங்குகளையும் தனியாக ஒரு பைலாக எடுத்து வையுங்கள். டேட்டாவை என்கிரிப்ட் செய்திருந்தால் அதன் கீ உங்களிடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

படி 2: சீரியல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்

மிக ஆபத்தான இடம் இதுதான். "இரண்டாவது டிஸ்க் பழுது" என்று திரையில் வரும். எது இரண்டாவது? இடமா, வலமா, மேலா, கீழா? சில பெட்டிகள் 1லிருந்து எண்ணும், சில 0விலிருந்து எண்ணும். சிலவற்றில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் விளக்கு உண்டு. சிலவற்றில் பெட்டி முழுவதற்கும் ஒரே விளக்குதான்.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தவறுதலாக நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால், மிச்சம் இருப்பது பழுதான டிஸ்க் மட்டுமே. அதன் பிறகு என்ன ஆகும் என்பதை அந்தப் பழுதான டிஸ்க்தான் முடிவு செய்யும்.

எனவே எண், விளக்கு எதையும் நம்பாதீர்கள். சீரியல் எண்ணை மட்டும் நம்புங்கள். நிர்வாகப் பக்கத்தில் பழுதான டிஸ்க்கின் மாடல், சீரியல் எண் இரண்டும் இருக்கும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே நல்ல டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் எழுதி, "இதைத் தொடாதே" என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் அதே எண் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிட்ட பிறகே அடுத்த வேலை.

பெரியப்பா வீட்டில், நிற்க வைக்க வேண்டிய பெட்டியை டிவி ஸ்டாண்டில் உயரம் போதாமல் படுக்க வைத்திருந்தார்கள். இடம், வலம் என்று இருந்தவை மேல், கீழ் என்று மாறியிருந்தன. கீழே இருப்பதுதான் இரண்டாவது என்று அவர் எண்ணியிருந்தார். லேபிளைப் பார்த்தால், கீழே இருந்தது நல்ல டிஸ்க். செவ்வாய்க்கிழமை இரவு அவர் உருவ நினைத்தது ஆத்தாவின் படம் பத்திரமாக இருந்த டிஸ்க்கை.

படி 3: சரியான டிஸ்க்கை வாங்குங்கள்

கோவைக்காரர்கள் காந்திபுரம் பக்கம் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டாலே கிடைக்கும். ஆன்லைனிலும் வாங்கலாம். எங்கு வாங்கினாலும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அளவு. புதிய டிஸ்க், பழையதன் அளவாகவோ அதைவிடப் பெரியதாகவோ இருக்க வேண்டும். சில செக்டார்கள் குறைந்தாலும் பெட்டி ஏற்காமல் போகலாம். 4 டெராபைட் டிஸ்க்கைப் பெட்டி 3.6 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர்கள் 1000ஆல் கணக்கிடுகிறார்கள், பெட்டி 1024ஆல் கணக்கிடுகிறது. அவ்வளவுதான்.

இரண்டாவது, எழுதும் முறை. டிஸ்க்குகளில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை உண்டு. எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் நாட்டு ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் பக்கத்து ஓடுகளையும் தூக்க வேண்டும் அல்லவா? அதுபோல ஓரிடத்தில் திருத்தி எழுதப் பக்கத்துத் தடங்களையும் மீண்டும் எழுத வேண்டும். ரீபில்டு போன்ற இடைவிடாத எழுதும் வேலையில் இது திணறிப் போகும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸ் பெட்டிகளுக்கு என்று விற்ற தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையுள்ள சில மாடல்கள் எஸ்எம்ஆர் வகை என்று வெளியிட்டது. வாங்கியவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது. பிறகு சிஎம்ஆர் வகைக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். எனவே ரெட் பிளஸ், சீகேட் ஐயன்வுல்ப் போன்ற சிஎம்ஆர் டிஸ்க்குகளைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெட்டியின் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் பொருந்தும் டிஸ்க்குகளின் பட்டியலிலும் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, வாரண்டி. சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கொடுத்தால் வாரண்டி எந்தத் தேதி வரை என்று தெரியும். புதிது என்று வாங்கிய டிஸ்க்குக்கு வாரண்டி பாதி முடிந்திருந்தால் அன்றே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். வாங்கியதும் ஸ்மார்ட் தகவலில் இயங்கிய நேரத்தையும் பாருங்கள். புதிய டிஸ்க்கில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

படி 4: புதியதையும் சோதியுங்கள்

புதிது என்பதால் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். வழியில் கீழே விழுந்திருக்கலாம். 3.5 அங்குல டிஸ்க்கை இணைக்கும், தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி டாக் ஒன்று இருந்தால் கம்ப்யூட்டருடன் இணைத்து, தயாரிப்பாளரின் இலவசச் சாப்ட்வேர் மூலம் நீண்ட சோதனை ஒன்றை ஓடவிடுங்கள். 4 டெராபைட்டுக்கு ஓர் இரவு ஆகும். காலையில் 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருந்தால் பெட்டிக்குள் போடலாம். டாக் இல்லாதவர்கள், மாற்றி முடித்த பின் நாஸிலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

படி 5: மின்சாரத்தைப் பாருங்கள்

ரீபில்டு நடுவில் கரண்ட் போகக் கூடாது. நம் ஊரில் மின் வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின் நிறுத்தம் செய்யும் நாளை முன்கூட்டியே நாளிதழ்களில் அறிவிப்பார்கள். உங்கள் துணை மின் நிலையத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்து, அந்த நாளைத் தவிருங்கள். கோடை மழையில் இடி இடிக்கும் மாலை நேரமும் வேண்டாம்.

நாஸ் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று அவசியம். யூஎஸ்பி கேபிள் மூலம் யூபிஎஸ்ஸை நாஸுடன் இணைத்தால், பேட்டரி தீரும் முன் பெட்டி தானாகவே முறையாக நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் இருந்தால் அதில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டு வையுங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் இடைவெளி பேனுக்குத் தெரியாது, நாஸுக்குத் தெரியும்.

படி 6: மாற்றுங்கள்

ஓடும்போதே டிஸ்க்கை மாற்றும் ஹாட் ஸ்வாப் வசதி பல பெட்டிகளில் உண்டு. இருந்தாலும் வீட்டில் நமக்கு என்ன அவசரம்? பேக்கப் கையில் இருப்பதால் நிறுத்திவிட்டே மாற்றலாம். நிறுத்திய பெட்டியில் தவறான டிஸ்க்கை உருவினாலும், லேபிளைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் திரும்பச் செருகிவிடலாம். ஒன்றும் ஆகாது. ஓடும் பெட்டியில் அந்தச் சலுகை கிடையாது.

1. பெட்டியில் பழுதான டிஸ்க்கை விலக்கும் மெனு இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். சினாலஜியில் இது "டீஆக்டிவேட் டிரைவ்". அங்கும் சீரியல் எண்ணைப் பார்த்த பிறகே கிளிக் செய்யுங்கள்.

2. மெனுவிலிருந்து "ஷட் டவுன்" கொடுங்கள். சுவிட்ச் போர்டில் நிறுத்தாதீர்கள். விளக்குகள் அணைந்த பின் பவர் கேபிளைக் கழற்றி, அரை நிமிடம் பொறுங்கள். உள்ளே தட்டுகள் சுழன்று நிற்க வேண்டும்.

3. ஏதாவது உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு டிஸ்க்கை உருவுங்கள். லேபிளில் சீரியல் எண்ணைத் தாளுடன் ஒப்பிடுங்கள். ஒருவர் வாசிக்க மற்றொருவர் சரிபார்த்தால் இன்னும் நல்லது.

4. டிரேயிலிருந்து பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துங்கள். பழைய டிஸ்க்கின் மேல் மார்க்கரால் "பழுது" என்று எழுதி, தேதி போட்டு, தனியாக வையுங்கள். மேஜையில் ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் கிடந்தால் குழப்பம் நிச்சயம்.

5. உள்ளே தூசி இருந்தால் இப்போதே பிரஷ்ஷால் துடையுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்கு அருகில் வீடு உள்ளவர்கள் பின்பக்க பேனைக் கட்டாயம் பாருங்கள். பஞ்சு படிந்தால் காற்று போகாது, டிஸ்க் சூடாகும்.

6. டிரேயை அதே இடத்தில் முழுவதும் தள்ளிச் செருகி, பெட்டியை இயக்குங்கள்.

படி 7: ரீபில்டு

பெட்டி எழுந்ததும் மீண்டும் கத்தலாம். பயப்பட வேண்டாம். சில பெட்டிகள் புதிய டிஸ்க்கைப் பார்த்ததும் தானாகவே ரீபில்டைத் தொடங்கும். சிலவற்றில் நாம்தான் தொடங்க வேண்டும். சினாலஜியில் ஸ்டோரேஜ் பூல் பகுதியில் "ரிப்பேர்" என்பதைக் கிளிக் செய்து, புதிய டிஸ்க்கைத் தேர்வு செய்ய வேண்டும். "இந்த டிஸ்க்கில் உள்ளவை அழிக்கப்படும்" என்று எச்சரிக்கை வரும். அதில் காட்டப்படுவது புதிய டிஸ்க்கின் சீரியல் எண்தானா என்று பார்த்துவிட்டு சம்மதம் கொடுங்கள்.

நமக்கு வேண்டிய சொற்கள் "ரிப்பேர்" அல்லது "ரீபில்டு" மட்டுமே. "கிரியேட்", "இனிஷியலைஸ்", "பார்மட்", "பேக்டரி ரீசெட்" என்று எது வந்தாலும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுங்கள். இவை புதிதாகத் தொடங்குபவை, பழையதை மீட்பவை அல்ல.

எவ்வளவு நேரம் ஆகும்? 4 டெராபைட்டை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஏழரை மணி நேரம். டிஸ்க்கின் உட்புறத் தடங்களில் வேகம் குறையும் என்பதால் கூடுதலாகவே ஆகும். பெரியப்பா வீட்டில் ஒன்பது மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் டிவியில் நாஸிலிருந்து படம் பார்ப்பது, செல்போன் போட்டோக்களை ஏற்றுவது எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். டிஸ்க்கின் வெப்பநிலையை அவ்வப்போது பாருங்கள். 50 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் பேனை வையுங்கள்.

படி 8: முடிந்த பின்

"ஹெல்தி" அல்லது "நார்மல்" என்று வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். இரண்டு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட் நீண்ட சோதனை கொடுங்கள். "டேட்டா ஸ்க்ரப்பிங்" வசதி இருந்தால் ஒருமுறை ஓடவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை தானாக ஓடும்படி அமையுங்கள். எவரும் திறக்காத போல்டரில் உள்ள கெட்ட செக்டார்கள் அப்போதுதான் வெளியே தெரியும்.

அடுத்து, ஈமெயில் அறிவிப்பைச் செயல்படுத்துங்கள். பெட்டி டிவி ஸ்டாண்டுக்குள் கத்துவது யாருக்கும் கேட்காது. மெயில் வந்தால் தெரியும். பெரியப்பாவின் பெட்டி இப்போது அவருக்கும் எனக்கும் மெயில் அனுப்புகிறது. கடைசியாக, ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் அதில் உள்ள டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை எதையும் உருவாமலேயே தெரிந்துகொள்ளலாம்.

சில சந்தேகங்கள்

வேறு கம்பெனி டிஸ்க் போடலாமா?

தாராளமாகப் போடலாம். இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஆண்டு என்று இருப்பது நல்லதுதான். இரண்டும் ஒன்றாகக் கிழடாகாது.

8 டெராபைட் போட்டால் இடம் கூடுமா?

உடனே கூடாது. மிரரில் சிறிய டிஸ்க்கின் அளவுதான் கணக்கு. அடுத்த டிஸ்க்கையும் 8 ஆக மாற்றிய பிறகே கூடும். இரண்டையும் மாற்றுவதானால் ஒன்றை மாற்றி, ரீபில்டு முழுவதும் முடிந்த பிறகே அடுத்தது. ஒரே நேரத்தில் இரண்டையும் கழற்றக் கூடாது.

நாஸ் டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கலாமா?

பெரும்பாலான நாஸ் பெட்டிகள் லினக்ஸில் இயங்குகின்றன. அவற்றின் பைல் அமைப்பு விண்டோஸுக்குப் புரியாது. "பார்மட் செய்ய வேண்டும்" என்றோ "இனிஷியலைஸ் செய்யவா" என்றோ கேட்கும். சரி என்றால் தீர்ந்தது கதை. பார்த்தே ஆக வேண்டும் என்றால் உபுண்டு போன்ற லினக்ஸை பென் டிரைவிலிருந்து இயக்கி, லினக்ஸ் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு படிக்க மட்டும் செய்யுங்கள்.

கழற்றிய டிஸ்க்கை என்ன செய்வது?

ஒரு மாதம் வரை தூக்கிப் போடாதீர்கள், மீண்டும் பெட்டியிலும் செருகாதீர்கள். வாரண்டி இருந்தால் அனுப்பிப் புதியது பெறலாம். ஆனால் வாரண்டி டிஸ்க்குக்குத்தான், அதில் இருந்த டேட்டாவுக்கு அல்ல. அனுப்பும் டிஸ்க்கில் உங்கள் பத்திரமும் வங்கிக் கணக்கும் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். இயங்குகிறது என்றால் முழுவதும் அழித்துவிட்டு அனுப்புங்கள். இயங்கவே இல்லை என்றால், வாரண்டியா, ரகசியமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மிரர் இருந்தால் பேக்கப் எதற்கு?

மிரர், டிஸ்க் பழுதிலிருந்து மட்டுமே காப்பாற்றும். நீங்கள் தவறுதலாக அழித்த போல்டர் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். 2021 ஜூனில் இணையத்தில் இணைந்திருந்த மை புக் லைவ் பெட்டிகள் பல, வெளியிலிருந்து நடந்த தாக்குதலில் ஒரே நாளில் துடைக்கப்பட்டன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் கியூநாப் பெட்டிகளில் புகுந்து பைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. திருட்டு, தீ, மின்னல் இவற்றுக்கும் இரண்டு டிஸ்க் என்ற கணக்கு தெரியாது. எனவே 3-2-1 என்ற விதியைப் பின்பற்றுங்கள். மொத்தம் மூன்று நகல். இரண்டு வேறு வகைச் சாதனங்களில். ஒன்று வீட்டிற்கு வெளியே.

இதற்குப் பெரிய செலவு இல்லை. முதல் படியில் காப்பி எடுத்தோமே, அந்த யூஎஸ்பி டிஸ்க்கை அழித்துவிடாமல் கழற்றி, உறவினர் வீட்டு பீரோவில் வைத்துவிடுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை எடுத்துப் புதுப்பியுங்கள். பொள்ளாச்சி போட்டோக்களின் ஒரு நகல் இப்போது கோவையில் என் பீரோவில் இருக்கிறது.

உங்கள் பெட்டியில் இன்று சிவப்பு விளக்கு எரியாமல் இருக்கலாம். இருந்தாலும் இந்த வாரமே நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, இரண்டு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும், 5, 197, 198 ஆகிய மூன்று எண்களையும், இயங்கிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டி வையுங்கள். விளக்கு எரியும் நாளில் முதலில் தேடப் போவது அந்தத் தாளைத்தான்.